பேஸ் கிட்டார்: பெட்டியைப் பிரித்ததும் வாசித்துவிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் பிள்ளைகளுக்கு இசைக்கருவி வாங்கித் தருவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பில் பேஸ் கிட்டாருக்கு (கீழ்ச் சுரங்கள் வாசிக்கும் நான்கு கம்பி மின்சாரக் கிட்டார்) இரண்டே வரி. முதலில் சாதாரண கிட்டார் பழகிவிட்டுப் பிறகு பேஸுக்கு மாறலாம் என்பது ஒன்று. விலை கூடியதாக வாங்கினால் தொல்லை இருக்காது என்பது இன்னொன்று. இரண்டோடும் உடன்பட முடியவில்லை. இதை நம்பிப் பணத்தைக் கொட்டும் பெற்றோர் பலர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மிருதங்கத்தின் இடந்தலையில் ரவை அப்பாமல் யாரும் கச்சேரிக்கு உட்காருவதில்லை. கல்லும் புள்ளும் வைத்துச் சுருதி சேர்க்காத மிருதங்கத்தைக் கெட்ட மிருதங்கம் என்று எவரும் தூக்கிப் போடுவதும் இல்லை. பேஸ் கிட்டாருக்கு மட்டும் அந்த நியாயம் கிடைப்பதில்லை. கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்து, ஆம்ப்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) சொருகி, கம்பி கரகரத்தால் ‘மட்டமான கருவி’ என்கிறோம். பத்துக்கு ஏழு எட்டு முறை குறை கருவியில் இல்லை, அதை யாரும் செட்டப் (வாசிக்கத் தோதாக அளவுகளைச் சரிசெய்வது) செய்யவில்லை என்பதில்தான் இருக்கிறது.

முதலில் அந்தக் ‘கிட்டார் பழகிய பிறகு’ விஷயம். பேஸின் நான்கு கம்பிகள் தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி. தடித்த ஈ கம்பி நொடிக்கு 41.2 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் தடித்த கம்பியைவிட ஒரு ஸ்தாயி கீழே. கருவித் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் கலிபோர்னியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பி அமரும் பள்ளக் கட்டை) பிரிட்ஜ் (அடிப்பக்கம் கம்பியைத் தாங்கும் உலோகப் பகுதி) வரை கம்பியின் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ்கள் அதே அளவுதான். அந்த நீளத்தில் நட்டுக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) நடுவே சுமார் 48 மி.மீ. இடைவெளி, 25.5 அங்குலக் கிட்டாரில் அது 36 மி.மீ. மட்டுமே. கிட்டாரில் பழகிய ‘ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்’ முறையை அப்படியே கொண்டுவந்தால் மணிக்கட்டு வலிக்கும். முதல் ஐந்து ஃப்ரெட்டுகளுக்குள் ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றையும் வைத்து மூன்று ஃப்ரெட்டுகளை மட்டும் பிடிப்பதும், மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணை நிற்பதும் பெரிய வயலின் போல நிறுத்தி வாசிக்கும் டபுள் பேஸ்காரர்களிடமிருந்து வந்த முறை. ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே போனபின் நான்கு விரலும் தாராளமாகப் போதும். ஆகவே பேஸ் வேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு நேரே பேஸையே வாங்கிக் கொடுங்கள். பத்து வயதுக் கைக்கு 30 அங்குலக் கம்பி நீளமுள்ள ஷார்ட் ஸ்கேல் பேஸ் கிடைக்கிறது. அதில் முதல் இடைவெளி 43 மி.மீ.தான்.

இனி வாங்குவது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு யமஹாவின் டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனேஸின் ஜிஎஸ்ஆர் 200, ஸ்குவையரின் தொடக்கநிலை மாடல்கள் எல்லாமே போதுமானவை. பிராண்டைவிட, கையில் எடுக்கும் அந்த ஒரு கருவி எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். ஒரே மாடலில் இரண்டு எடுத்து வாசித்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்காது. கடையில் கேட்க வெட்கப்படாதீர்கள். நெக்கின் (விரல் வைக்கும் நீண்ட கழுத்து) தலைப்பக்கத்திலிருந்து பாடியை (கருவியின் உடல்) நோக்கித் தச்சர் பலகையைப் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் பாருங்கள். லேசாக உள்வளைவு இருந்தால் குற்றமில்லை, சரிசெய்துவிடலாம். ஒரு பக்கம் மேலேறி மறுபக்கம் கீழிறங்கி முறுக்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். ஈ கம்பியும் ஜி கம்பியும் நெக்கின் இரு விளிம்புகளிலிருந்தும் ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று விளிம்பை ஒட்டி ஓடினால் நெக்கைப் பாடியோடு பிணைக்கும் நான்கு திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தி நகர்த்தினால் பெரும்பாலும் தீரும். ஆனால் அதைக் கடைக்காரரே செய்து தரட்டும்.

அடுத்து, அவசரப்படாமல் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி மீட்டுங்கள். 20 ஃப்ரெட் பேஸில் 80 சுரம். ஐந்து நிமிட வேலை. ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஏதோ ஒரு சுரம் மட்டும் மற்றவை போல நீளாமல் சட்டென்று அடங்கிப்போவதைக் கேட்பீர்கள். ஃபெண்டர் பாணி நெக்குகளில் இது பிறவிக் குணம். அந்தச் சுரத்தின் அதிர்வும் நெக் மரத்தின் சொந்த அதிர்வும் ஒன்றிப்போவதால், கம்பியின் சக்தியை நெக் உறிஞ்சிவிடுகிறது. எந்த செட்டப்பும் இதை நீக்காது; தலைப்பகுதியில் எடை ஏற்றினால் அந்த இடம் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். லேசாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மோசமாக இருந்தால் அடுத்த கருவியை எடுங்கள்.

எல்லாவற்றையும் கடையில் பார்த்துவிட முடியாது. வீட்டுக்கு வந்தபின் செட்டப். நான்கு கம்பிகளும் சேர்ந்து அந்த நெக்கை 70, 80 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. எதிர்த்து நிற்பது நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி. மரத்துக்கு ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் ஒன்றல்ல. ஏசி அறையிலிருந்து மேடைக்குப் போனாலே அளவு மாறும். அதனால் செட்டப் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை இல்லை.

வரிசை மாறக்கூடாது: சுருதி, நெக் வளைவு, கம்பி உயரம், சுரச்சுத்தம் (எல்லா ஃப்ரெட்டிலும் சுரம் சரியாக ஒலிப்பது), பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பகுதி) உயரம். ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் மாறும் என்பதால்தான் இந்த வரிசை. பலர் கம்பி உயரத்தில் தொடங்கி, மூன்று மணி நேரம் சுற்றிவிட்டுக் கருவியைத் திட்டுவார்கள்.

நெக் வளைவை அளக்க, பைக் மெக்கானிக் டேப்பெட் பார்க்க வைத்திருக்கும் அதே ஃபில்லர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடுகள்) போதும். முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டுங்கள். கடைசி ஃப்ரெட்டில் ஈ கம்பியை அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு நேர்கோட்டு அளவுகோல். நடுவில் ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பியின் அடிப்பகுதிக்கும் இடையே 0.3 மி.மீ. தகடு உரசியும் உரசாமலும் நுழைந்தால் சரி. இடைவெளி கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை அதன் சாவியால் கடிகாரச் சுற்றில் இறுக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் எதிர்ச்சுற்றில் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து, அரை மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். மரம் இடம்பிடிக்க நேரம் எடுக்கும். சாவி அசைய மறுத்தால் பலம் காட்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சாவியிலேயே பலர் கோட்டைவிடுவதுண்டு. அமெரிக்கத் தயாரிப்புகளில் அங்குல அளவு ஆலன் கீ. இந்தோனேசியா, சீனாவிலிருந்து வருவனவற்றில் பெரும்பாலும் மி.மீ. அளவு, சிலவற்றில் ஆலன் கீ இல்லாமல் சாக்கெட் ஸ்பேனர். கொஞ்சம் சின்ன சாவியைப் போட்டு முறுக்கினால் ட்ரஸ் ராடின் திருகு நட்டின் உள்முனைகள் மழுங்கிப்போகும். அதன்பிறகு ஆகும் செலவு கருவி விலையில் பாதியைத் தொடலாம்.

வளைவு சரியானபின் கம்பி உயரம். பதினேழாவது ஃப்ரெட்டில் ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். பிரிட்ஜில் ஒவ்வொரு சேடிலிலும் (ஒரு கம்பியைத் தாங்கும் சிறு துண்டு) உள்ள குட்டித் திருகுகள்தான் இதற்கு. கரகரப்பு எங்கே கேட்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். முதல் நான்கைந்து ஃப்ரெட்டில் மட்டும் என்றால் நெக் அளவுக்கு மீறி நேராகிவிட்டது. பன்னிரண்டுக்கு மேலே மட்டும் என்றால் கம்பி தாழ்ந்திருக்கிறது அல்லது நெக்கில் வளைவு அதிகம். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பி நிற்கிறது; இதை ட்ரஸ் ராடால் தீர்க்கப் பார்ப்பது வீண், ஃப்ரெட்டைத்தான் தட்டி உட்காரவைக்கவோ ராவவோ வேண்டும். எங்குமே அழுத்தாமல் திறந்த கம்பியில் மட்டும் கரகரத்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. நட்டைச் சோதிக்க மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் இடைவெளியைப் பாருங்கள். ஒரு காகிதம் நுழையும் அளவு இருந்தால் அருமை. இடைவெளி அதிகமென்றால் முதல் இரண்டு ஃப்ரெட்டுகளில் சுருதி எகிறும், விரலும் நோகும். மலிவான பேஸ்களில் இதுதான் அதிகம். இதற்கென்று நட் ஃபைல் இருக்கிறது. பிளேடும் ரம்பமும் போட்டுக் குதறினால் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

எல்லாம் சரியாக இருந்தும் கரகரத்தால் வலக்கையைப் பாருங்கள். கம்பியை மேல்நோக்கித் தூக்கி விட்டால் அது ஃப்ரெட்டில் மோதத்தான் செய்யும். அடுத்த கம்பியில் விரல் வந்து அமரும்படி குறுக்காக மீட்ட வேண்டும். ஆம்ப்பின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு கையின் பலத்தைக் குறைப்பது புத்திசாலித்தனம். டெட்ராய்ட்டின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார் என்பதை விரல் வேகத்தை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நினைவில் வைக்கலாம்.

சுரச்சுத்தத்துக்குப் பன்னிரண்டாவது ஃப்ரெட். அங்கே கம்பியைத் தொட்டும் தொடாமலும் மீட்டும் ஹார்மோனிக்கையும், அழுத்தி மீட்டும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறி நின்றால் சேடிலைப் பின்னுக்கு இழுத்துக் கம்பியை நீட்டுங்கள். இறங்கி நின்றால் முன்னுக்கு. பழைய கம்பியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், அழுக்கேறிய கம்பி ஒழுங்காகக் காட்டாது. போன் ட்யூனர் செயலிகளில் பல, தடித்த ஈ கம்பியைப் பிடிக்கத் திணறும். அப்போது பன்னிரண்டாவது ஃப்ரெட் ஹார்மோனிக்கைக் காட்டுங்கள், 82.4 ஹெர்ட்ஸ் என்பதால் எளிதில் பிடித்துக்கொள்ளும். இளையராஜா பாடல்களில் ஹெட்ஃபோனில் அவ்வளவு அழகாக நகரும் பேஸ், போன் ஸ்பீக்கரில் கேட்டால் ஒளிந்துகொள்வதும் இந்தக் கீழ் அதிர்வெண் விவகாரத்தால்தான்.

கடைசியாக பிக்கப். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே ஈ பக்கம் ஏறக்குறைய 3 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. சத்தம் வேண்டுமென்று இன்னும் நெருக்கினால் காந்தம் கம்பியை இழுத்து, சுரம் நீளாமல் தள்ளாடும்.

கம்பி மாற்றுவதைப் பற்றி ஒரு சொல். கடலோர ஊர்களில் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து நிக்கல் கம்பியைச் சீக்கிரம் மந்தமாக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியின் மேலும் அடியும் துடைத்தாலே ஆயுள் கூடும். வழக்கமான தொகுப்பு 45, 65, 85, 105 என்று அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் இருக்கும். தடிமன் மாற்றினால் நெக் வளைவை மறுபடி பார்க்க வேண்டும். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். புதுக் கம்பியைத் தன் கீயை (தலைப்பகுதியில் கம்பி சுற்றும் முறுக்காணி) தாண்டிப் பத்துப் பன்னிரண்டு செ.மீ. விட்டு, முதலில் செங்கோணமாக மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று தளர்ந்து கம்பி செத்துப்போகும். நுனியைக் கீயின் நடுத் துளையில் செருகி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று. பழைய கம்பியை வெந்நீரில் கொதிக்கவைத்தால் பளபளப்பு திரும்புவது உண்மைதான். ஆனால் சில நாளில் அடங்கிவிடும், துருவும் சேரும்.

ஃப்ரெட் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தை எப்படியாவது நிறுத்த வேண்டும். சமையல் எண்ணெய் மரத்தில் சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும். கடையில் லெமன் ஆயில் என்று விற்பதில் பெரும்பாலும் மணம் சேர்த்த மினரல் ஆயில்தான். ரோஸ்வுட் பலகைக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை சில சொட்டு போதும். வார்னிஷ் பூசிய மேப்பிள் பலகைக்கு எண்ணெயே வேண்டாம். அந்த ரோஸ்வுட்டில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் உண்டு. 2017-இல் ரோஸ்வுட்டுக்குப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு வந்தபோது பல நிறுவனங்கள் வேறு மரத்துக்குத் தாவின. முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தது. ஆகவே மரத்தின் பெயர் வேறாக இருப்பதால் மட்டும் ஒரு பேஸைப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

உள்ளே பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸ்களில் கேபிளைச் சொருகியதுமே 9 வோல்ட் பேட்டரி வேலைசெய்யத் தொடங்கும். கேபிளைப் பிடுங்காமலே விட்டுவைக்கும் வழக்கம் இருந்தால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்து, சத்தம் உடைந்து தேயும். இதைப் பழுது என்று ரிப்பேருக்குக் கொண்டுபோகிறவர்கள் ஏராளம். கேபிள் சொருகும் ஜாக்கின் வெளிநட்டு தளர்ந்தால், உள்ளே ஜாக்கைப் பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜாக்கும் கூடச் சுற்றி ஒயரை அறுத்துவிடும். குமிழ் திருப்பும்போது சரசரத்தால் மின்தொடர்புகளுக்கான கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு. இரு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம் உள்ள ஃபெண்டரின் ஜாஸ் பேஸில் ஒரு வால்யூமை மட்டும் குறைத்தால் உறுமுவது இயல்பு. 1960-களின் தொடக்கத்திலிருந்து வரும் அந்த வடிவமைப்பில் இரு பிக்கப்பும் ஒன்றன் உறுமலை மற்றொன்று அடிக்கிறது. ஒன்றைக் குறைத்தால் அந்தச் சமன் கெடும்.

ஆம்ப்பில் மிச்சம்பிடிக்க நினைத்து கிட்டார் ஆம்ப்பில் பேஸைப் போட்டுச் சத்தத்தை ஏற்றாதீர்கள். கீழ்ச் சுரத்துக்கு அந்த ஸ்பீக்கரின் கோன் அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போகும்படி செய்யப்படவில்லை, கிழியும். வீட்டில் பழக 20 வாட் பேஸ் ஆம்ப் தாராளம். டிரம்ஸோடு வாசிக்க 100 வாட்டுக்குக் கீழே வேண்டாம். 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர் பெட்டி இரண்டை இணையாகச் சேர்த்தால் ஆம்ப்புக்குத் தெரிவது 4 ஓம். 4 ஓம் பெட்டி இரண்டு என்றால் 2 ஓம், பெரும்பாலான ஆம்ப்புகள் அதில் சூடேறிப்போகும். வெளிநாட்டு உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்புறத்தைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் சரி. 120 மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230-இல் சொருகினால் அதோடு முடிந்தது.

இவ்வளவும் பணத்துக்கும் காதுக்கும் சம்பந்தப்பட்டது. மேடை மின்சாரம் உயிருக்குச் சம்பந்தப்பட்டது. பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, கேபிளின் வெளிவலை வழியாக, ஆம்ப்பின் உடலோடு இணைந்திருக்கின்றன. ஆம்ப்பின் எர்த் அறுந்திருந்து, மைக் வேறு இணைப்பிலிருந்து வந்தால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்ட நொடியில் நம் உடலே ஒயர். 1972-இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மைக்கைத் தொட்டதும் இறந்தது இந்த வகையில்தான். கோயில் கொடையிலும் தேவாலய விழாவிலும் ஜெனரேட்டர், இரண்டு பின் எக்ஸ்டென்ஷன், உறுமல் போக வேண்டுமென்று ஒடித்துவிட்ட எர்த் பின் என்று எல்லாம் ஒரே மேடையில் சேர்கின்றன. உறுமலுக்கு மருந்து டிஐ பாக்ஸில் (பேஸை மேடையின் ஒலி மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டி) உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச். அது ஒலிக் கேபிளின் இணைப்பை மட்டும் துண்டிக்கிறது, ஆம்ப்பின் எர்த்தைத் தொடுவதில்லை. பிளக்கின் பின்னை ஒடிப்பது மருந்தல்ல.

பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் மேடை ஏறும் முன் ஒரு மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேஸ் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எதையும் தொட வேண்டாம், எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். மேடைக்கு வரும் லைனில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும், அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்றும் ஒலிபெருக்கிக்காரரைக் கேளுங்கள். திருவிழாக் காலப் பக்கங்களில் இந்த ஒரு சோதனையை மட்டும் தனிப் பெட்டியாகத் தாங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழுக்களுக்குக் கருவி பராமரிக்கும் வாசகர்கள்,
திருநெல்வேலி.